உள்ளே கிடக்கிற சமாச்சாரம்

எங்கள் நாஞ்சில் நாட்டில் வைத்தியம் பார்க்கிற ஆசான் வீடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தைலம் காயும் வாசனை. அடுத்தது, தோல் சுடும் நாற்றம். குதிகால் வலி, கால் ஆணி, விடாத மூட்டுப் பிடிப்பு என்று வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, கரி நெருப்பில் பஞ்சலோகக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சுவார். வலி எங்கே என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தொட்டு எடுப்பார். 'சுர்' என்று ஒரு சத்தம். உடனே கற்றாழைச் சோறு, பிறகு நெய். வந்தவர் பல்லைக் கடித்துக்கொள்வார். முற்றத்தில் நிற்கிற பிள்ளைகள் நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம்.

அம்மையின் குரல் போனது அந்தக் காலத்தில்தான். ஆரம்பப் பள்ளி டீச்சர். ஓட்டுக்கூரைக்கு அடியில் தடுப்புச் சுவர் கிடையாது. ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது மூன்றாம் வகுப்பு அதற்கு மேல் கத்தியாக வேண்டும். காலையில் சரியாக இருக்கும் குரல் மதியத்துக்குள் கரகரத்துவிடும். சாயங்காலம் வெறும் காற்றுதான் வரும். அதிமதுரம், சித்தரத்தை, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் எல்லாம் ஆயிற்று. தொண்டைக்கு இதமாக இருந்ததே தவிர, குரல் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் ஆச்சியிடம், "கழுத்துல ரெண்டு பொட்டு சூடு வச்சா தெறந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆச்சி அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆசான் அம்மையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். கம்பியை எடுக்கவே இல்லை.

"ஆச்சி, இது உள்ள கெடக்க சமாச்சாரமாக்கும். என் கம்பி அங்க போவாது. வெளிய சுட்டா தோலுதான் வேவும். டீச்சரம்மாவ திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

வெகு காலம் கழித்து, ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையின் மொழிபெயர்ப்பைப் புரட்டியபோது ஆசான் நினைவு வந்தது. சூத்திர ஸ்தானத்தின் 12-ஆம் அத்தியாயம் அக்னிகர்மம், அதாவது சூடு வைக்கும் சிகிச்சை, பற்றியது. மருந்துக்கும் கத்திக்கும் காரத்துக்கும் அடங்காததை நெருப்பு அடக்கும், சுட்ட நோய் திரும்ப முளைக்காது என்று அது தைரியமாகச் சொல்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தைரியம் அல்ல, அதன் கணக்கு. தோலைச் சுடத் திப்பிலி, ஆட்டுப் புழுக்கை, பசுவின் பல், தசைக்கு உலோகம், மூட்டுக்கும் எலும்புக்கும் காய்ச்சிய தேன், வெல்லம், நெய், எண்ணெய். தோல் சரியாகச் சுட்டதற்கு அடையாளம் சத்தம், நாற்றம், தோல் சுருங்குதல். குழந்தைக்கு வேண்டாம், முதியவருக்கு வேண்டாம், பயந்தவருக்கு வேண்டாம். இமையைச் சுடும்போது கண்ணை ஈரத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்கிறது. தமிழ் மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவங்களில் சூடு வைக்கும் சுட்டிகையும் ஒன்று. கண்ட இடத்தில் சூடு இழுப்பது இரண்டு மரபிலும் இல்லை.

அதே நூலின் 27-ஆம் அத்தியாயத்தில் ஓரிடம் உண்டு. தொண்டையில் அரக்குத் துண்டு சிக்கிவிட்டால் ஒரு குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி, அதன் வழியாகக் காய்ச்சிய சலாகைக் கம்பியை விட வேண்டும். அரக்கு இளகி அதில் ஒட்டும். தண்ணீர் விட்டு இறுகச் செய்து வெளியே இழுத்துவிடலாம். தொண்டைக்குள் போன நெருப்பு அது. ஆனால் அரக்கைத்தான் தொட்டது, சதையைத் தொடவில்லை. சுற்றியிருக்கும் சதைக்குக் காவலாகத்தான் அந்தக் குழாய்.

திருவனந்தபுரத்து டாக்டர் அறையிலும் ஒரு நெருப்பு இருந்தது. சின்ன ஸ்பிரிட் விளக்கு. நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடி ஒன்றை அதில் காட்டி, சூடு அதிகமில்லையே என்று தன் புறங்கையில் வைத்துப் பார்த்தார். மூச்சுப் பட்டு ஆவி படியாமல் இருக்கத்தான் அந்தச் சூடு. அம்மையின் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு, "ஈ சொல்லுங்க" என்றார். 1854-இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் கண்ணாடி வைத்துத் தன் குரல் நாணைத் தானே பார்த்தாரே, அதே வழி. அம்மையின் இரண்டு நாணிலும் எதிரெதிராகச் சின்ன முடிச்சு.

ஒரு பெண் பேசும்போது குரல் நாண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்திக் கத்திப் பேசினால், மண்வெட்டி பிடித்த கைபோல, மோதுகிற இடம் காய்த்துப் போகிறது. அதிர்கிற மேற்போர்வையின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். குதிகாலில் தழும்பு விழுந்தால் ஒன்றும் குடி முழுகாது. அந்தப் போர்வையில் தழும்பு விழுந்தால் நாண் விறைத்துக்கொள்ளும், குரல் திரும்பாது. 1972-இல் பாஸ்டனில் ஸ்ட்ராங்கும் ஜாக்கோவும் குரல்வளையில் லேசர் சிகிச்சை செய்த அனுபவத்தை வெளியிட்டார்கள். அதுவும் நெருப்புதான், நுண்ணோக்கி வழியே போகிற நெருப்பு. அப்படியிருந்தும் இந்த மாதிரி முடிச்சுக்கு அறுவை என்றால், சூட்டுக்குப் பயந்து, சுடாத நுண் கத்தியையே விரும்பும் மருத்துவர்கள் பலர். கத்தியும் சாதாரணமல்ல. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸ், 1997-இல் நடந்த அறுவைக்குப் பிறகு பழையபடி பாடவே இல்லை.

அம்மைக்கு டாக்டர் கத்தியையும் எடுக்கவில்லை. பேசாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம், அதுவும் நாணை வருத்தும் என்றார். பிறகு மூச்சுப் பயிற்சி. பள்ளியில் கைதட்டியும் சிலேட்டில் எழுதியும் சமாளித்தாள். வீட்டில் என் தலை பின்னும்போது தோளைத் தட்டித்தான் திரும்பச் சொல்வாள். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

பஸ் கண்டக்டராக இருந்த என் மாமாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பீடி குடிப்பவர். மாதக்கணக்கில் கரகரப்பு. எங்கள் ஆசான் மறைந்துவிட்டிருந்தார். வேறு யாரோ கழுத்தில் இரண்டு பக்கமும் சூடு வைத்தார்கள். புண் ஆறக் காத்திருந்த நாட்கள் எல்லாம் வீண். கடைசியில் டாக்டர் பார்த்தபோது குரல்வளையில் புற்று, பரவியிருந்தது. தொடக்கத்திலேயே கண்டிருந்தால் பெரும்பாலும் குணமாக்கக்கூடிய நோய் அது. அந்த இரண்டு வட்டத் தழும்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

கால் ஆணிக்கும் குதிகாலுக்கும் படித்த ஆயுர்வேத மருத்துவர் அக்னிகர்மம் செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கழுத்து விஷயம் வேறு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், புகைப்பவரோ புகையிலை போடுபவரோ என்றால் இன்னும் சீக்கிரமாக, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல் நாணைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது மெல்லிய குழல் கேமரா இருக்கிறது, பார்க்கச் சில நிமிடம் போதும். பார்த்த பிறகு அதிமதுரமா, பயிற்சியா, கத்தியா என்று முடிவு செய்துகொள்ளலாம்.