உழாத காடு

கோவை டவுன்ஹாலிலிருந்து உக்கடம் நோக்கிப் போகும் ஒப்பணக்கார வீதியில், ஜவுளிக்கடை வெளிச்சத்துக்கு நடுவே சந்துகள் பிரிகின்றன. அப்படியொரு சந்தில் ஒரு சின்னக் கடை. மூன்று பேர் வந்தால் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். போன் பழுது பார்ப்பதும், அழிந்த படங்களை மீட்பதும் அங்கே தொழில். என் போனின் கண்ணாடியைக் கடைப் பையன் மாற்றிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்திருந்தது. பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பெரியவரும் பேரனும் உள்ளே வந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து உக்கடத்தில் இறங்கி வெயிலில் நடந்திருக்கிறார்கள். பெரியவரின் தோள் துண்டு நனைந்திருந்தது. பேரனுக்கு இருபது வயது இருக்கலாம். முன்கையில் கயிறு அறுத்த பழைய தழும்பு. சட்டைப் பையிலிருந்து திருநீறு மடித்த கோயில் காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே ஒரு மெமரி கார்டு. பதினைந்து மில்லிமீட்டர் நீளம், பதினொன்று அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம். உலகம் முழுக்க மைக்ரோ எஸ்டி கார்டுக்கு அளவு அதுதான்.

கடைக்காரர் அதைத் தொடவில்லை. முதலில் கேட்டார்.

"அழிஞ்சதுக்கு அப்புறம் இதுல வேற ஏதாச்சும் எடுத்தீங்களா?"

பையன் தாத்தாவைப் பார்த்தான்.

"சொல்லு கண்ணு. டாக்டருகிட்ட மறைக்கிற மாதிரி மறைக்காத."

"நோம்பிக்கு வள்ளி கும்மி ஆடுனாங்கணா. அதை எடுத்தேன். கொஞ்ச நேரந்தான்."

கடைக்காரர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை. இந்தத் தொழிலில் திட்டாமல் இருப்பது பெரிய குணம். வருகிறவர்கள் ஏற்கெனவே தங்களைத் தாங்களே திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பேச்சில் கதை துண்டு துண்டாக வந்தது. ரேக்ளா பந்தயம். கொங்கில் அது இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர் என்று இரண்டு ஓட்டமாக நடக்கும். எல்லை தொட எத்தனை விநாடி ஆனது என்பதை வைத்து ஜெயிப்பு. முந்நூறு மீட்டர்கூட அரை நிமிஷம் தாங்காது. பையன் நெஞ்சில் பட்டை கட்டி அதில் கோப்ரோவை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான். இடப்பக்கம் மயிலை, வலப்பக்கம் காரி. இரண்டும் காங்கேயம் காளைகள். பிறகு ஒருநாள், வேண்டாத துண்டு ஒன்றை மட்டும் அழிக்கப்போய் கேமராவில் மொத்தத்தையும் அழித்துவிட்டான்.

"எனக்குப் பொக்குனு போயிருச்சுங்க" என்றார் பெரியவர். அந்தச் சொல்லில் இருந்த வெசனம் வெறும் படத்துக்கானதாகத் தெரியவில்லை.

கடைக்காரர் கார்டை வாங்கி ஒரு பெரிய அடாப்டருக்குள் செருகினார். அதன் ஓரத்தில் இருந்த சிறு பிடியைப் பூட்டும் பக்கம் தள்ளினார். மைக்ரோ கார்டில் அந்தப் பூட்டு கிடையாது, அடாப்டரில்தான் உண்டு. அது பூட்டியிருந்தால் பெரும்பாலான ரீடர்கள் கார்டில் ஒரு எழுத்தும் எழுத விடாது. அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் மாட்டினார். மாட்டியதும் தேடத் தொடங்கவில்லை. கார்டு முழுவதையும், காலியென்று காட்டும் இடங்களையும் சேர்த்து, அப்படியே ஒரு பிரதி எடுக்க ஆரம்பித்தார். இனி வேலையெல்லாம் பிரதியின் மேல். அசல் ஓய்வெடுக்கும். அறுபத்து நான்கு ஜிபி. கால் மணி நேரத்துக்குக் குறையாது.

"அதான் அழிஞ்சுபோச்சுங்களே தம்பி, எதைப் புடிக்கறீங்க?"

கடைக்காரர் திரையிலிருந்து திரும்பினார். எதிரே இருப்பவர் விவசாயி என்று பார்த்துத்தான் சொன்னாரென்று நினைக்கிறேன்.

"பட்டாவுல பேரை அடிச்சாச்சுங்கய்யா. காடு அங்கயேதான் கெடக்குது. வேற ஒருத்தன் வந்து உழுது வெதைக்கற வரைக்கும் பழைய வெள்ளாமைத் தட்டு நிக்கும். உங்க பேரன் கும்மியை வெதைச்சுப்போட்டாரு. எந்த மூலையில வெதைச்சாருன்னு பார்க்கோணும்."

பெரியவருக்கு உடனே புரிந்தது. எனக்கும். இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. பழைய ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஈ5 என்ற குறி விழும். துண்டுகளைக் கோக்கும் சங்கிலியும் துடைக்கப்படும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. அங்கே 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்லும் பிட் 1-லிருந்து 0 ஆகிறது. இரண்டிலும் படத்தின் உடம்பை யாரும் தொடுவதில்லை. ஜப்பானின் ஃபுஜியோ மசுவோகா தோஷிபாவில் இருந்தபோது உருவாக்கி 1987-இல் உலகத்துக்குக் காட்டிய நேண்ட் ஃபிளாஷ்தான் இன்றைக்கும் இந்தக் கார்டுகளுக்குள் இருப்பது. அதில் அடைபட்ட மின்னூட்டம் மின்சாரம் இல்லாமலே நிற்கும். அடுத்த படம் அந்த இடத்தைக் கேட்கும் வரை பழைய படம் அங்கேயே இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. சில கேமராக்கள் ஃபார்மேட் செய்யும்போது, 'இதையெல்லாம் நிஜமாகவே அழித்துவிடு' என்று கார்டுக்கே கட்டளை கொடுத்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் பயனில்லை. பையன் செய்தது டெலிட், ஃபார்மேட் அல்ல. கடைக்காரர் அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு இளைஞன் வந்தான். கையில் கார்டு. "பிரண்டோடதுங்ணா. அவனுக்குத் தெரியாம எடுத்துத் தர முடியுமா, சும்மா தமாஷுக்கு."

"அவரைக் கூட்டிட்டு வாங்க."

"காசு சேர்த்தித் தர்றேங்ணா."

"அவரைக் கூட்டிட்டு வாங்க."

குரல் உயரவில்லை. இளைஞன் போய்விட்டான். கடைக்காரருக்குப் பின்னால் சுவரில், கார்டின் சொந்தக்காரர் நேரில் வந்தால்தான் வேலை என்று ஒரு அட்டை தொங்குகிறது. வந்தபோது நான் அதைச் சாதாரணமாகப் படித்திருந்தேன்.

இந்த மாவட்டத்தில் அந்த அட்டைக்குக் கனம் அதிகம். பொள்ளாச்சியில் பெண்களை மிரட்ட வீடியோவையே ஆயுதமாக்கிய கொடுமை 2019 பிப்ரவரியில் வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த வழக்கில் மின்னணுச் சான்றுகளுக்குப் பெரிய இடம் இருந்தது. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மீட்கத் தெரிந்த கை எதையும் மீட்கும். எதை மீட்கக் கூடாது என்பது மென்பொருளில் எழுதியிருப்பதில்லை; இந்த மாதிரி ஒரு சந்துக்கடையில், கூடுதல் காசை வேண்டாம் என்கிற ஒரு மனிதரிடம் இருக்கிறது. பழைய போனையும் கார்டையும் 'எல்லாம் அழிச்சாச்சு' என்று நம்பி விற்கிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

பிரதி முடிந்தது. கடைக்காரர் பழைய பெயர்ப் பட்டியலைத் தேடினார். கும்மி அந்தப் பட்டியலில் பல வரிகளை விழுங்கியிருந்தது. பெயரை வைத்துத் தேடும் வழி அடைபட்டது. அடுத்து போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. அது பெயரைப் பார்க்காது. ஒவ்வொரு வகைக் கோப்பும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக் கார்டு முழுக்கத் தடவிக்கொண்டு போகும்.

கோப்புகள் வந்தன. பையன் முகம் மலர்ந்தது. கடைக்காரர் ஒன்றைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை.

"போச்சுங்களா?"

"இருங்கய்யா. இந்தக் கேமராவுக இப்படித்தான்."

இந்த இடத்தில்தான் ஆக்‌ஷன் கேமரா மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. கோப்ரோ பெரிய படத்தை எழுதும்போதே, போனில் சட்டென்று பார்க்க ஒரு சின்னப் படத்தையும் கூடவே எழுதுகிறது. பெரியதில் ஒரு துண்டு, சின்னதில் ஒரு துண்டு, மறுபடி பெரியது. கார்டில் இரண்டும் பின்னிக் கிடக்கும். வரிசையாக அள்ளுகிற மென்பொருள் இரண்டையும் கலந்து அள்ளிவிடும். அதோடு, எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா ரெக்கார்டிங் நிறுத்தும்போது கடைசியில்தான் எழுதுகிறது. அட்டவணை இடம் மாறினால் முழுப் படமும் ஊமையாகிவிடும். இந்தக் கட்டத்தில் பலர் கார்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். படம் உள்ளே முழுசாக இருக்கும்போதே.

"கேமரா கொண்டாந்திருக்கறீங்களா?"

பையன் பையிலிருந்து எடுத்தான். கடைக்காரர் தன்னுடைய புதுக் கார்டு ஒன்றை அதில் போட்டார். "பந்தயத்துக்கு என்ன செட்டிங் வெச்சிருந்தீங்களோ அதே செட்டிங்ல ஒரு நிமிஷம் எதையாவது எடுங்க. உங்க கார்டை மட்டும் இதுல போட்டுறாதீங்க." பையன் யோசித்து, 4கே, அறுபது ஃபிரேம் என்று வைத்து, கேமராவைத் தாத்தாவிடம் கொடுத்தான். பெரியவர் சந்தைப் பார்த்துத் திருப்பினார். ஜவுளி மூட்டை தூக்கிப் போன ஒருவர், பூக்காரம்மா, ஒரு ஸ்கூட்டர். ஒரு நிமிஷமும் அசையாமல் பிடித்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது போலிருந்தது.

அந்த ஒரு நிமிஷப் படம்தான் மாதிரி. அதே கேமரா, அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால், உடைந்த கோப்பின் உடம்பை எப்படிப் படிப்பது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டு, தொலைந்த அட்டவணையை மறுபடி கட்டிவிட முடியும். கடைக்காரர் துண்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். பாதி வேலை மென்பொருள் செய்தது. மீதி அவர் கண். என் போன் தயாராகிவிட்டது என்று கடைப் பையன் சொன்னான். நான் எழுந்திருக்கவில்லை.

இதற்குள் பெரியவர் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தார். நான் தலையாட்டினேன், அவருக்கு அது போதுமானதாக இருந்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் பந்தயத்துக்குத் தடை போட்ட பிறகு தடம் புல் முளைத்துக் கிடந்ததைச் சொன்னார். 2017 ஜனவரியில் பேரனைக் கூட்டிக்கொண்டு, அந்தத் தடையை எதிர்த்த போராட்டத்தில் வ.உ.சி. மைதானத்தில் நின்றதைச் சொன்னார். காரியைக் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையில் விற்றதைச் சொல்லும்போது துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

"வித்ததுக்கு வெசனமில்லீங்க. வாங்குனவரு வெள்ளகோயில்காரரு. மாடு கோணலா இழுக்குதுங்கறாரு. நேரா ஓடுமுன்னு நாந்தான் வாக்குக் குடுத்தேன். பொய் சொல்லி மாட்டை வித்துப்போட்டேன்னு ஊருக்குள்ள பேச்சாயிப்போச்சுங்க. அதான் இவனைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தது வீடியோவை மட்டுமல்ல என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ஐயா, வாங்க" என்றார் கடைக்காரர்.

திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். என் பக்கமும் கொஞ்சம் தெரிந்தது. இருநூறு மீட்டர் ஓட்டம் வரவே இல்லை. அதன் மேல்தான் கும்மி விழுந்திருந்தது. முந்நூறு மீட்டர் வந்திருந்தது. இரண்டு முதுகுகள், இரண்டு திமில்கள், நடுவே நீளும் செம்மண் தடம், இரைச்சலாகக் காற்று. பாதியில் சில கணம் படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறி, மறுபடி கூடியது. எல்லைக் கோட்டில் ஆட்கள் துள்ளினார்கள். முடிந்துவிட்டது.

"இன்னொருக்கா ஓட்டுங்க தம்பி. மெதுவா."

விநாடிக்கு அறுபது ஃபிரேம் என்பதால் வேகத்தைக் குறைத்தும் படம் தெளிவாக இருந்தது. பெரியவர் எல்லைக் கோட்டைப் பார்க்கவில்லை. காரியின் தோளைப் பார்த்தார். ஒவ்வொரு பாய்ச்சலிலும் அது இடது பக்கமாகச் சாய்ந்து, மயிலையின் தோளை உரசி, அந்த உரசலில் நேராகி ஓடியது. அவர் விரலைத் திரையில் வைத்தார்.

"பாரு சாமி. இது எடத்துப் பக்கம் சாயற மாடு. நம்மகிட்ட வலத்துல இருந்துச்சு, ஜோடி மேல சாஞ்சு நேரா வந்துச்சு. அவரு எடத்துல பூட்டறாருபோல. அந்தப் பக்கம் சாய ஆளில்லாம வெளியே இழுக்குது."

"இத்தனை நாளும் நாம கவனிக்கலீங்களே அப்பாரு."

"ஓட்டறப்ப யாரு தோளைப் பார்க்கறது."

கடைக்காரர் படத்தை ஒரு பென் டிரைவிலும், பையனின் லேப்டாப்பிலுமாக இரண்டு இடத்தில் போட்டார். இரண்டும் ஓடுகின்றனவா என்று பார்க்கும்வரை கார்டை அடாப்டரை விட்டு எடுக்க வேண்டாம் என்றார். பையன் அதற்குள் வாட்ஸ்அப்பைத் திறந்து வெள்ளகோயில்காரரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பெரிய ஃபைலு போகறதுக்கு நேரமாகுமுங்க" என்றார் கடைக்காரர். "கூடவே ஒரு சின்னது வந்திருக்குதல்ல, அதை அனுப்புங்க. தோள் சாயறது அதுலயே தெரியும்."

"அனுப்பு கண்ணு" என்றார் பெரியவர். "கூடவே வாய்ஸும் போட்டு விடு. காரியை வலத்துல பூட்டச் சொல்லு. மயிலை அளவுக்கு ஒசரமான ஜோடியா பார்த்துக்கச் சொல்லு. இல்லாட்டி அது சாய எடம் கெடைக்காது."