புளித்த தாழி

2023 மே மாதத்தில் ஜார்ஜியாவின் தலைநகரான டிபிலிசியில், சொந்தமாக ஒயின் தயாரிக்கும் இளைஞர்கள் கூடிய சுவைத்தல் நிகழ்ச்சி ஒன்றுக்கு நாங்கள் மூவர் சென்றிருந்தோம். ஒயினைப் பற்றிப் படித்திருக்கிறோம், ஓரளவு குடித்தும் இருக்கிறோம். அதற்கு மேல் தேர்ச்சி கிடையாது. ஆனால் சிறுபத்திரிகைகளில் மதிப்புரை எழுதிய பழக்கம் மூவருக்கும் உண்டு. அன்று எங்கள் காலை வாரிவிட்டது அந்தப் பழக்கம்தான்.

கைவிடப்பட்ட ஒரு தொழிற்கூடத்தில் வரிசையாக மேசைகள். பதாகைகள் இல்லை. புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகள் பல கையால் வரையப்பட்டவை. ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் புட்டிகளே தங்களால் முடியும் என்றார்கள். முந்நூறு பிரதி அச்சிட்டு, அதில் நூற்றைம்பதைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அவர்களில் பெரும்பாலோர் குவெவ்ரி என்னும் மண்தாழியில் ஒயின் செய்பவர்கள். முட்டை வடிவம், கூம்பிய அடிப்பகுதி. உட்புறத்தில் தேன்மெழுகுப் பூச்சு. வாய் மட்டும் வெளியே தெரியத் தாழியை நிலத்தில் புதைத்துவிடுகிறார்கள். மிதித்த திராட்சையைச் சாறு, தோல், விதை, சில ஊர்களில் காம்போடும் சேர்த்து உள்ளே இறக்குகிறார்கள். நொதிக்கையில் தோல்கள் மேலெழுந்து கெட்டியான ஆடையாக மிதக்கும். அதை நாள்தோறும் பலமுறை கோலால் அமுக்கிவிடவேண்டும். கொதிப்பு அடங்கியபின் வாயை மூடி முத்திரையிட்டால் வசந்தம்வரை நிலத்தின் குளிர்ச்சி பார்த்துக்கொள்ளும். விதைகள் கூம்பின் அடியில் போய்ச் சேர, அவற்றின்மேல் தோல்கள் படிந்துவிடும். வெள்ளைத் திராட்சைகூட இவ்வாறு மாதக்கணக்கில் தோலோடு கிடந்து தேன் நிறமும், கடுந்தேநீரை ஒத்த துவர்ப்பும் பெற்றுவிடுகிறது.

அந்நாட்டில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளில் ஒயினின் தடயம் கிடைத்ததை 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். யுனெஸ்கோ இந்தத் தாழி முறையை 2013-இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இதற்கிடையே நடந்தவை இனியவை அல்ல. ஐந்நூறுக்கு மேற்பட்ட திராட்சை வகைகள் கொண்ட நாட்டில், சோவியத் ஆலைகளுக்கு விளைச்சல் மிகுந்த சில வகைகளே போதுமாயிருந்தன. 1985-இல் கொர்பச்சேவ் தொடங்கிய மதுவெதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்கள் பிடுங்கியெறியப்பட்டன. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்கு விதித்த தடை 2013 வரை நீடித்தது. பெரிய சந்தை மூடிய அந்த ஆண்டுகளில்தான் வேறு வாசல்களைத் தேடவேண்டியிருந்தது. தாத்தாவின் தாழிகளைத் தோண்டிக் கழுவ ஒரு தலைமுறை முன்வந்தது.

மேசை மேசையாக நகர்ந்தோம். கார்ட்லிப் பகுதியின் சினூரி மெலிந்து, தெளிந்து இருந்தது. சாறே கறுத்துச் சிவந்த சபெராவி நாக்கை இறுகப் பிடித்தது. (துப்புவதற்கு வைத்திருந்த பாத்திரத்தைப் பயன்படுத்த எங்களுக்குக் கடைசிவரை கூச்சம்.)

கடைசி மேசையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் நின்றிருந்தார். சீட்டு ஒட்டாத இரண்டு புட்டிகள். இரண்டுமே ரகட்சிதெலி, ககேதியில் தாத்தா விட்டுச்சென்ற நிலவறையில் செய்தவை. முதலாவதில் உலர்ந்த ஆப்ரிகாட்டும் வாதுமைத் தோலின் கசப்பும் இருந்தன. நன்றாக இருக்கிறது என்றோம். இரண்டாவதை முகர்ந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களில் ஒருவர் “துணிச்சலான ஒயின்” என்றார். இன்னொருவர் “தொன்மையின் வாசம்” என்றார். மூன்றாமவர் தலையசைத்தார்.

அவர் சிரிக்கவில்லை. “இது கெட்டுப்போனது,” என்றார். அக்டோபரில் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு இரண்டு நாள் உடன் இருந்திருக்கிறார். தோல்களை அமுக்க ஆளில்லாமல், மேலாடை காய்ந்து காற்றுப் பட்டுப் புளிக்கத் தொடங்கிவிட்டது. 800 லிட்டர். அவரிடம் இருந்தவையே இரண்டு தாழிகள்.

பின் ஏன் இதைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டோம்.

“காலையிலிருந்து எல்லோரும் முதல் புட்டியைப் புகழ்கிறார்கள். யாருடைய பேச்சை நம்புவது என்று எனக்குத் தெரியவேண்டாமா?”

முதல் புட்டி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்று மறுபடியும் சொன்னோம். மரியாதையாகத் தலையசைத்தார். அந்தச் சொல்லுக்கு இனி அங்கே விலை இல்லை என்பது எங்களுக்கே தெரிந்தது. முதல் தாழியிலிருந்து மூன்று புட்டிகள் வாங்கினோம். பணத்தை அவர் இருமுறை எண்ணினார்.

விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. எங்கள் ஊர்க்காரரான இளங்கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பைப் பற்றி மூவரும் தனித்தனியே எழுதியிருக்கிறோம். மூன்று மதிப்புரைகளிலும் ‘துணிச்சலான முயற்சி’ என்ற சொற்கள் இருந்தன. அத்தொகுப்பில் தேறும் கவிதைகள் நான்கோ ஐந்தோதான் என்பதை எங்களுக்குள் பேசியிருக்கிறோமே தவிர, அவரிடம் சொன்னதில்லை. அவருடைய இரண்டாம் தொகுப்பின் கைப்பிரதி, முன்னுரை கேட்டு வந்தது, பயணப்பையில் இருந்தது. முன்னுரையின் முதல் பத்தியை விமானத்திலேயே எழுதி முடித்திருந்தோம்.

அன்றிரவு ஒரு புட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டு, கைப்பிரதியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம். மூன்றாம் பக்கத்திலேயே பென்சில் தேவைப்பட்டது.