மேடை ஏறாத வளையல்கள்

எங்கள் வீட்டில் பட்டம் என்றால் மொட்டை மாடியில் விடுவதுதான், வாங்குவதல்ல. அதை மாற்ற வந்திருப்பவன் நான், பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு.

எங்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949-இல் சி. ராஜம் தம் மாளிகையை விற்றுத் தொடங்கினார். அந்நாளில் பி.எஸ்ஸி. முடித்தவர்களே அங்கே பொறியியல் பயிலச் சேர்ந்தார்கள். 1950-களில் அப்படிச் சேர்ந்தவர் அப்துல் கலாம். சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கல்லூரித் தமிழ்ச் சங்கக் கட்டுரைப் போட்டியில் விமானம் செய்வதைப் பற்றி எழுதி, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசும் பெற்றார் கலாம். (பொறியியல் கல்லூரியில் தமிழுக்குப் பரிசு! நம் மன்றத்தார் கவனிப்பார்களாக.)

1978 முதல் எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. எந்தப் பல்கலைக்கழகமானாலும் பட்டமளிப்பு விழாவில் அங்கி உண்டு, பதக்கம் உண்டு, கைதட்டல் உண்டு. பட்டதாரியின் பெயரைத்தான் வாசிப்பார்கள். வளையலுக்கு உரியவரின் பெயரை வாசிப்பதில்லை.

என் அக்கா பத்தாவதோடு நின்று தையல் வேலைக்குப் போகிறாள். என் தேர்வுக் கட்டணம் அவள் சம்பளத்தில்தான். என் பட்டமளிப்பு நாளன்று விடுப்பு எடுக்கும்படி இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

“முதல்ல அரியர் இல்லாம முடிடா” என்கிறாள்.