பஞ்சு புகுந்த சந்துகள்

அவிநாசி, திருப்பூர்ப் பக்கம் ஓடுகிற காரை அதன் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மற்ற ஊர்க் கார்களில் அங்கே மண்ணும் பிஸ்கட் தூளும் கிடக்கும். இங்கே அவற்றோடு பஞ்சும் கிடக்கும். சாம்பிள் பீஸ், நூல் கோன், கட்டிங் முடிந்த துணிக்கட்டு, பாலிபேக் என்று கம்பெனிக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் நடுவே பின் சீட்டில் ஆளைவிடச் சாமான்தான் அதிகம் ஏறுகிறது. சாமானை இறக்கிவிடலாம். அது விட்டுப்போன பஞ்சு இறங்குவதில்லை.

சீட் முன்னும் பின்னும் நகர்கிற இரும்புப் பள்ளத்தில் கிரீஸ் இருக்கும். பஞ்சு அதில் ஒட்டி, கிரீஸைக் குடித்து, கருப்புத் திரியாகிவிடும். சீட் நகர மறுத்தால் லீவரை உதைப்பதற்கு முன்னால் அந்தத் திரியை எடுத்துப் பாருங்கள்.

*

பெரும்பாலான வாட்டர் வாஷ் கடைகளில் முதல் வேலையே தண்ணீர், இல்லையென்றால் ஷாம்பு நுரை. உள்ளே அதைச் செய்யக் கூடாது. காய்ந்த பஞ்சு கையோடு வரும். நனைந்த பஞ்சு கார்ப்பெட்டோடு பின்னிக்கொள்ளும். நம் கார்களின் தரைவிரிப்பு பெரும்பாலும் பாலியஸ்டர் இழைகளை ஊசியால் குத்திக் குத்திச் செய்தது. அதன் மேல் ஈரப் பஞ்சை அழுத்தித் தேய்ப்பவர் விரிப்பை இன்னும் கொஞ்சம் தயாரித்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

காய்ந்தபடியே ரப்பர் கிளவுஸ் மாட்டிய கையால் ஒரே திசையில் இழுத்தால் பஞ்சும் முடியும் உருண்டு உருண்டு வரும். வாக்குவம் அதற்குப் பிறகு.

*

எட்டாத இடத்தைச் சுத்தம் செய்வது எப்படி என்று கார்க் கடையில் கேட்பதைவிட ஓவர்லாக் டெய்லரிடம் கேட்கலாம். அவருக்கு அது தினப்படி வேலை. ஊசித்தட்டுக்குக் கீழே, துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில், லூப்பர் போய்வரும் சந்தில் பஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும். சேர்ந்தால் தையல் விடும், துணியில் எண்ணெய்க் கறை விழும். அதனால் மிஷின் பக்கத்திலேயே ஒரு சின்ன பிரஷும் நூல் கோர்க்கிற ட்வீசரும் இருக்கும். காருக்கும் அந்த இரண்டு போதும். ஏசி காற்று வரும் கட்டங்கள், கியர் லீவரின் அடி, பவர் விண்டோ பட்டன்களின் விளிம்பு எல்லாவற்றுக்கும் அரை இஞ்ச் பெயின்ட் பிரஷ்தான். பிரஷின் இரும்புப் பட்டையில் டேப் சுற்றிக்கொண்டால் பிளாஸ்டிக்கில் கீறல் விழாது.

காற்றுக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தவனிடம் ஒரு டெய்லர் சொன்னது இது: “ஊதாதீங்ணா. ஊதுனா உள்ளாற போயிரும். அப்பறம் எடுக்கவே முடியாது.” நிட்டிங் மிஷினுக்கு மேலே காற்றாடி சுற்றுவது வேறு கதை. அங்கே பஞ்சு ஊசிகள் மேல் படியாமல் விரட்டினால் போதும், எங்கே போய் விழுந்தாலும் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். காருக்குள் விரட்டினால் டேஷ்போர்டின் வயிற்றுக்குள்தான் போகும். காற்று அடித்தே ஆகவேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் வாக்குவத்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கலாம்.

*

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர். அதைக் கழற்றுவதோ நனைப்பதோ வேண்டாம். பஞ்சு அங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

*

துடைக்கிற துணி. இதில் மட்டும் இந்த ஊர்க்காரர்களுக்கு யோகம். தமிழ்நாடெங்கும் ஒர்க்‌ஷாப்பிலும் அச்சகத்திலும் கிலோ கணக்கில் வாங்கித் துடைக்கிற பனியன் வேஸ்ட் நமக்குத் தெருமுனையில் கிடைக்கிறது. ஆனால் கிடைத்ததை அள்ளக் கூடாது, பொறுக்க வேண்டும்.

சிங்கிள் ஜெர்சி வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும், விரலுக்கு அடியில் நிற்காது. இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், சுருளாது, கனமாக இருக்கும். துடைக்க அதற்கு நிகரில்லை. ரிப் இழுத்தால் நீளும் என்பதால் குச்சியில் இறுக்கிச் சுற்ற நல்லது. மூங்கில் குச்சியில் ரிப் துண்டைச் சுற்றி நூலால் கட்டினால் சீட் பெல்ட் பக்கிள் ஓரமும் கதவு கீலும் கைக்கு எட்டிவிடும்.

வெளுக்காத கிரே துணி பார்க்கப் புதிதாக இருக்கும், தண்ணீரைக் குடிக்காது. பருத்தியின் இயற்கை மெழுகும் நிட்டிங் எண்ணெயும் அதில் அப்படியே இருப்பதுதான் காரணம். வெளுத்த வெள்ளைதான் குடிக்கும். கலர் வேஸ்ட் மலிவு, ஆனால் அடர் சிவப்போ நேவியோ ஈரத்தில் சாயம் விட்டால் வெளிர் நிற சீட் கவர் அதை மறக்காது. பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ் துணி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர எடுக்காது. இன்னொன்று, வெட்டிய ஓரம்தான் பஞ்சு உதிர்க்கும். ஓரத்தை உள்ளே மடித்துப் பிடிக்காவிட்டால் எடுத்த பஞ்சுக்குப் பதில் புதுப் பஞ்சு வைத்துவிட்டு வருவோம்.

மைக்ரோபைபரும் பாலியஸ்டர்தானே, அது எப்படிக் குடிக்கிறது என்று கேட்கலாம். பாலியஸ்டரையும் நைலானையும் சேர்த்து இழுத்த இழையை, ஒரு டெனியருக்கும் கீழே மெலிதாகப் பிளந்து செய்வது அது. தூசியும் நீரும் அந்தப் பிளவுகளில் பிடிபடுகின்றன. கண்ணாடிக்கு அதுதான், இன்டர்லாக் தோற்கும் இடம். முன் கண்ணாடி டேஷ்போர்டைத் தொடுகிற அந்தக் கூர்மையான மூலைக்கு முழ நீள ஸ்கேலில் மைக்ரோபைபரைச் சுற்றிப் பயணிகள் பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். புறங்கையால் துணியைத் தள்ளினாலும் எட்டும்.

*

இங்கத்திய போர் தண்ணீரால் கருப்பு பிளாஸ்டிக்கைத் துடைத்துவிட்டுக் காயவிட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். கால்சியமும் மெக்னீசியமும். 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளில் நீரை நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவதற்கானது. அது முழுப் பலன் தரும்வரை காரின் உட்புறத்துக்கு மழைத்தண்ணீரோ வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ ஒரு சொம்பு போதும். அதில் உப்பு கிடையாது.

*

ஆயுத பூசை முடிந்த வாரம் தனி அத்தியாயம். பொரி, கடலை, சந்தனம், குங்குமம். பொரி சீட் சந்தில் இறங்கி எறும்பைக் கூப்பிடும். கப் ஹோல்டரில் கோயில் விபூதி. நீறு மிக நுண்ணிய தூள், தண்ணீர் பட்டால் பசையாகி மூலையில் இறுகிவிடும். காய்ந்த பிரஷால் காகிதத்தில் வாரிக்கொண்டு செடிக்குப் போடுவதுதான் மரியாதையும் வழியும். சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விழுந்த சாமான்கள் வருஷக்கணக்கில் கழித்துக் கிடைக்கும்போது, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது அவிநாசியில்தான் என்பது நினைவுக்கு வராமல் இருக்காது. நமக்குப் பதிகம் வேண்டாம், ட்வீசர் போதும்.

*

கேபின் பில்டர். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டு ஓட்டினால் பல கார்களில் சீட்டுக்கு அடியிலிருக்கும் பஞ்சு கடைசியில் இங்கேதான் வந்து படியும். ஏசி குளிர்கிறது, காற்று மட்டும் வரவில்லை என்று கேஸ் நிரப்பக் கொண்டுபோகிறவர்கள் முதலில் இதைக் கழற்றிப் பார்க்கலாம். காகித பில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். அதன் விளிம்பில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி உண்டு.

பஞ்சு பில்டரையும் தாண்டினால் ஏசியின் ஈரத்தில் சேறாகித் தண்ணீர் வெளியேறும் குழாயை அடைக்கும். இடப்பக்க மேட் காரணமில்லாமல் நனைந்திருந்தால் அதுவாக இருக்கலாம். அது மெக்கானிக் வேலை. குச்சியை விட்டுக் குத்த வேண்டாம்.

*

சீட் பெல்ட்டை யாரும் துடைப்பதில்லை. கழுத்து வேர்வையும் தூசியும் சேர்ந்து அது சுருளுகிற வேகமே குறைந்துபோகும். முழுவதும் வெளியே இழுத்து, கட்டிங் டேபிளில் துணி அடுக்கை இறுக்குகிற கிளாம்ப் ஒன்றை மேல் வளையத்துக்குக் கிட்டே மாட்டி, சாதா சோப்புத் தண்ணீரில் இன்டர்லாக் துணியை நனைத்து மேலிருந்து கீழாகத் துடைக்கலாம். பிளீச் கூடவே கூடாது, இழையின் பலத்தைத் தின்றுவிடும். காயும்வரை கிளாம்பை எடுக்க வேண்டாம். ஈரத்தோடு உள்ளே சுருண்டால் பூஞ்சை வாடை ஒரு மாதம் வீசும்.