நினைவில் நிற்கும் வட்டம்

முக்கோணவியல் என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர். 0, 30, 45, 60, 90 ஆகிய ஐந்து கோணங்களுக்குரிய சைன், கொசைன் மதிப்புகளைப் பள்ளியில் ஒப்பித்துத்தான் வந்தோம். எந்தக் கால்பகுதியில் எது மிகை, எது குறை என்பதற்கு ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ என்றொரு மந்திரம். தேங்காய்த்திட்டில் எங்கள் வீட்டில் எனக்கு முன் எவரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. கணக்கில் ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. எனக்கு மனப்பாடமே துணையாக இருந்தது.

மனப்பாடம் அவ்வளவு இழிவானதா? ஜான் வாரன் எழுதி, 1825-இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், நம் புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிய செய்தி உண்டு. வாய்பாடுகளைச் சொற்களாக்கி நெஞ்சில் நிறுத்தியிருந்த அவர், தரையில் சோழிகளை வைத்தே அவ்வாண்டு மே 31-ஆம் நாள் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடமே. ஆனால் முடிவில் 52 நிமிடம்! அவரது நினைவாற்றலை வியந்த வாரன், கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது என்றும் எழுதினார். காரணம் தெரியாதவர் பிசகு புகுந்த இடத்தை எப்படித் தேடுவார்?

எனக்குக் காரணத்தைக் காட்டியது ஓரலகு வட்டம். ஆதிப்புள்ளியை மையமாக்கி, ஆரம் 1 கொண்ட வட்டம் ஒன்று வரையுங்கள். அதன்மேல் சுற்றிவரும் புள்ளியின் கிடைத்தொலைவே கொசைன், உயரமே சைன். புள்ளி இடப்பக்கம் போனால் கொசைன் குறை; கீழே இறங்கினால் சைன் குறை. மந்திரத்துக்கு வேலையில்லை. கிடை அச்சுக்கு மேலே 30 பாகையிலும் கீழே 30 பாகையிலும் புள்ளியிட்டு, இரண்டையும் மையத்தோடு இணையுங்கள். பக்கம் 1 உள்ள சமபக்க முக்கோணம் கிடைக்கும். அச்சு அதன் நிமிர்ந்த பக்கத்தைப் பாதியாக வெட்டுகிறது. ஆகவே 30 பாகையின் சைன் அரை.

இது புதிய செய்தியன்று. கி.பி. 476-இல் பிறந்த ஆரியபட்டர் இதனை ‘அரை நாண்’ என்னும் பொருள்பட அர்த்தஜ்யா என்றார். அவருடைய வட்டத்தின் ஆரம் 3438. 30 பாகைக்கு அவர் கணக்கில் வருவது 1719. சரிபாதியன்றோ! அந்த அட்டவணையின் வேறுபாடுகளை எழுத்துகளாக்கி ஒரே செய்யுளில் அடக்கியவரும் அவரே. காரணம் அறிந்த அவரும் மனப்பாடத்தைக் கைவிடவில்லை.

மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கணக்குக் கேட்க வருகிறார்கள். அவர்களையும் ஒப்பிக்கத்தான் சொல்கிறேன்; ஆனால் முதலில் ஒரு வட்டம் போடச் சொல்கிறேன். தேர்வுக் கூடத்தில் வாய்பாடு மறந்துபோனாலும், அந்த வட்டத்திலிருந்து அதை அவர்களே மீண்டும் எடுத்துக்கொள்வார்கள்.