மதகுக்கு வெளியே

2020 நவம்பர் 25. நிவர் புயல் நெருங்கிக்கொண்டிருந்த நண்பகலில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள். பூந்தமல்லியில் எங்கள் தெருவில் எந்த வீட்டு டிவியைப் பார்த்தாலும் ஒரே காட்சி: ஷட்டருக்கு அடியிலிருந்து நுரைத்துச் சீறும் தண்ணீர், திரை முழுக்க. அன்று முதலில் திறந்துவிட்டது விநாடிக்கு 1,000 கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே ஏரியிலிருந்து வெளியேறியது 29,000 கன அடி. கிட்டத்தில் போய் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தாலோ, அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் ஓரத்தில் விழுந்திருந்தாலோ பார்ப்பவருக்குக் கணக்குப் பிடிபட்டிருக்கும். 24 அடி ஏரியில் அப்போது 22 அடி. அந்த அளவுகோலைத்தான் வெட்டிவிட்டிருந்தார்கள்.

முடிச்சூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்களாமே, நாங்க கிளம்பணுமாப்பா?"

செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றோடு சேர்வது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. முடிச்சூரும் வரதராஜபுரமும் பயப்பட வேண்டியது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் தண்ணீருக்கு. சொன்னேன், அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்த மதகை என் பேச்சு எப்படி வெல்லும்? ஆதனூர் ஏரியைக் காட்டும் படம் ஒன்றுகூட அன்று என் கண்ணில் படவில்லை.

படத்தில் இல்லாததை ஒட்டிச் சேர்த்த கதையும் உண்டு. 2015 டிசம்பர் 3 அன்று பிரதமர் விமானத்திலிருந்து சென்னை வெள்ளத்தைப் பார்வையிட்டார். அவர் ஜன்னல் வழியே பார்க்கும் படத்தில், ஜன்னலுக்குள் வேறொரு படத்தை ஒட்டிப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. மக்கள் உடனே கண்டுபிடித்துக் கேட்டார்கள். படத்தை நீக்கி, வருத்தமும் தெரிவித்தார்கள். ஒட்டியது அகப்பட்டுவிடுகிறது. படம் பிடிக்கும்போதே விளிம்புக்கு வெளியே தள்ளியதை யாரும் கேட்பதில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. படமெடுக்க வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாக உட்கார்ந்தார்கள். வெடித்த வண்டலின் முன் குந்தி, அகல லென்ஸைத் தரையோடு தரையாக வைத்தால், கையகலப் பிளவு பள்ளத்தாக்காக விரியும். பாளம் பாளமாக மண் அடிவானம் வரை ஓடும். மேலே வெறும் வானம். அந்தப் படம் பொய்யில்லை, தாகம் நிஜம். ஆனால் அதில் மண்ணும் வானமும் மட்டுமே இருப்பதால், பழி முழுக்க வானத்தின் மேல் விழுகிறது. அதே இடத்தில் எழுந்து நின்று, நாலடி பின்னால் வந்து நானும் ஒரு படம் எடுத்தேன். பிளவுகள் கோலப்புள்ளி அளவுக்குச் சிறுத்துவிட்டன. ஏரிக்கரை வந்தது, மதகு வந்தது, சாலையில் போன தண்ணீர் லாரி வந்தது, தூரத்தில் அடுக்குமாடிகள் வந்தன. மழை பெய்யாதது மட்டுமா காரணம் என்று அந்தப் படம் கேட்கிறது: எவ்வளவு எடுத்தோம், எங்கே கட்டினோம், தூர் வாரினோமா?

அழகில் முதல் படத்தின் பக்கத்தில்கூட அது நிற்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் பகிரவும் மாட்டார்கள். ஆனாலும் முதல் பக்கத்தில் போட வேண்டியது அதுதான் என்பேன். அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறவர் கையில் எடுத்துப் போய், இங்கே, இங்கே என்று விரல் வைத்துக் காட்ட அந்தப் படத்தில்தான் இடம் இருக்கிறது.