பிரிண்டர் தட்டில் ஒரு சம்பளச் சீட்டு

அலுவலகத்தில் எல்லாரிடமும் திட்டு வாங்குவது யார் என்று கேட்டால், மேலாளர் என்பீர்கள். நான் பிரிண்டர் என்பேன்.

வானொலிக்கு வருமுன் சுங்கைப்பட்டாணியில் ஓர் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தேன். இருபது பேருக்கு ஒரே பிரிண்டர். அங்கே துப்புரவு வேலை செய்த அக்கா பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருவார். மகளின் கல்வி நிதி விண்ணப்பத்துக்கு அவருடைய சம்பளச் சீட்டு தேவைப்பட்டது. மறுநாள் கடைசி நாள். கணக்குப் பிரிவில் ஒருவர் அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார்.

பொத்தானை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மொத்தம் ஐந்து முறை. மற்றவர்களும் அப்படியே. மாலையில் யாரோ இயந்திரத்தைச் சரிசெய்ய, காகிதங்கள் கொட்டோ கொட்டென்று கொட்டின. அக்காவின் சம்பளச் சீட்டு எல்லாரும் பார்க்கும்படி தட்டில் கிடந்தது. ஒருவர் எடுத்துப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று சத்தமாகவே கேட்டார். அக்கா வந்து நான்கு பிரதிகளையும் பொறுக்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்தாவது பிரதி வேறு யாருடைய கட்டோடோ போய்விட்டது. அதை அவர் கேட்கவே இல்லை.

காரணம் அற்பமானது. வரிசையில் முதலில் நின்ற கோப்பு ‘லெட்டர்’ அளவில் இருந்தது. பிரிண்டரில் இருந்ததோ ஏ4 தாள். சரியான தாள் வரட்டும் என்று இயந்திரம் காத்திருந்தது. முன்னால் நிற்பது நகராவிட்டால் பின்னால் எதுவும் நகராது. மறுபடி மறுபடி அழுத்தினால் வேகம் கூடாது. வரிசையில் இன்னொரு பிரதி சேரும், அவ்வளவுதான்.

அச்சு வராவிட்டால் முதலில் பிரிண்டரின் சிறு திரையைப் பாருங்கள். தாள் தீர்ந்ததா, அளவு தவறா, சிக்கியிருக்கிறதா? பிறகு கணினியில் அச்சு வரிசையைத் திறந்து, தடையாக நிற்கும் கோப்பை மட்டும் நீக்குங்கள். அதுவும் அடம்பிடித்தால், ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். பிரிண்டர் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், அதன் நெட்வொர்க் முகவரி மாறிக்கொண்டிருக்கலாம். நிலையான முகவரி கொடுத்தால் அந்தத் தொல்லை தீரும். நூறு பக்க அறிக்கையை மதிய உணவு நேரத்தில் அனுப்புங்கள்.

ஆனால் வரிசை ஒழுங்காக ஓடினாலும், தட்டில் விழும் காகிதத்தை யாரும் படிக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. பல அலுவலகப் பிரிண்டர்களில் ரகசிய எண் வசதி உண்டு. அனுப்பியவர் இயந்திரத்தின் முன் நின்று எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும். அந்த வசதி இருந்தால், அதை இயக்கினாலே போதும்.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. சம்பந்தமில்லாதவர் பார்க்காதபடி தரவைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அந்தத் தரவு கணினியில் மட்டுமல்ல, பிரிண்டர் தட்டிலும் இருக்கிறது.

தோட்டத்தில் சம்பள நாளன்று கிராணி பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும்போது, யாருக்கு எவ்வளவு என்று வரிசைக்கே தெரிந்துவிடும் என்பார் அம்மா. அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் இன்று கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், உங்கள் பிரிண்டரில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள், தம்பி தங்கைகளே.